டிசம்பர் மேடைக்கு எதை எடுப்பது? பழைய காலக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு நான்கு வழிகள்

"டிசம்பருக்கு என்ன போடப் போகிறோம்?" எங்கள் நாடகக் குழுவின் கூட்டத்தில் இந்தக் கேள்வி மார்ச் மாதமே வந்துவிடும். வெளியே இந்த வருடத்துப் பனியே உருகி முடிந்திருக்காது, உள்ளே அடுத்த பனிக்காலத்தைப் பற்றிய வாக்குவாதம் நடக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறிய ஊர், 180 இருக்கை உள்ள அரங்கு, சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. பல் மருத்துவர் ஒருவர் விளக்கு போடுவார். பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா ஒருவர் உடை தைப்பார். நான் எட்டு வருடமாக மேடைக்குப் பின்னால் நிற்கிறேன். முதலில் மேடைப் பொருட்களைப் பார்த்துக்கொண்டேன், இப்போது ஸ்டேஜ் மேனேஜர்.

இந்த வருடம் வேறு ஊர்களில் இருக்கும் நம் நண்பர்கள் மூன்று பேர் இதே கேள்வியோடு அழைத்தார்கள். மூவரும் உள்ளூர்க் குழுவில் சேர்ந்து, நாடகம் தேர்ந்தெடுக்கும் கமிட்டிக்குள்ளும் வந்துவிட்டவர்கள். "பழைய காலக் கிறிஸ்துமஸ் என்று தலைப்பு வைத்துவிட்டார்கள், எந்தக் காலம் என்று யாரும் சொல்லவில்லை" என்றார் ஒருவர். அவர்களிடம் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டிசம்பர் நிகழ்ச்சியை நிதானமாக யோசித்துத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. மின்னியாபொலிஸின் கத்ரி தியேட்டர் 1975 முதல், சிகாகோவின் குட்மேன் தியேட்டர் 1978 முதல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையை ஆண்டுதோறும் போட்டு வருகின்றன. வருடத்தில் ஒரே ஒரு நாடகம் பார்க்கிற குடும்பங்கள் அரங்குக்கு வருவது அப்போதுதான். எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கும் அதே கணக்குதான். டிசம்பரில் சேர்ந்த பணம் இருந்தால்தான் பிப்ரவரியில் யாரும் கேள்விப்படாத ஒரு நாடகத்தைத் துணிந்து போட முடிகிறது.

## முதலில் எதைப் பார்ப்பது

கதை பிடித்திருக்கிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ஆட்களை எண்ணுங்கள். ஆடிஷனுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை உதவாது, நவம்பர் கடைசி வரை ஒத்திகைக்கு வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். அது முடிந்ததும் பள்ளிகளில் கச்சேரிகள் தொடங்கிவிடும், கூடவே காய்ச்சலும் வரும்.

அடுத்தது உரிமம், அதாவது ஒரு பிரதியை மேடையேற்ற உரிமைக்காரரிடம் வாங்கும் அனுமதி. கதை பழையது என்பதால் நாடகப் பிரதியும் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. பாடல் இல்லாத நாடகங்களுக்கு ஒரு காட்சிக்கு நூறு டாலரை ஒட்டி ராயல்டி (உரிமைக் கட்டணம்) கேட்பார்கள். இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் விலை பார்த்து அது ஏறும், இறங்கும். இசை நாடகம் என்றால் இதைப் போலப் பல மடங்கு.

மூன்றாவது, எந்தப் பழமை? 1840களின் லண்டன், 1940களின் அமெரிக்கச் சிற்றூர், இடைக்கால இங்கிலாந்து, பாட்டி வீட்டு வரவேற்பறை, நான்கையும் பழைய காலம் என்றுதான் சொல்வார்கள். உங்கள் ஊரில் டிக்கெட் வாங்குகிறவர் இவற்றில் எதைத் தன்னுடையது என்று நினைக்கிறார் என்று விசாரியுங்கள்.

நான்காவது கேள்வி எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்: இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அன்று என்ன வேலை? பழைய கிறிஸ்துமஸ் வழக்கங்களை எண்ணிப் பாருங்கள். வீடு வீடாகப் போய்ப் பாடினார்கள். புட்டிங் மாவைக் குடும்பத்தில் ஆளுக்கு ஒருமுறை கிளறினார்கள். பாப்கார்னையும் கிரான்பெரியையும் நூலில் கோத்து மரத்தைச் சுற்றினார்கள். சும்மா உட்கார்ந்து பார்த்துக் கொண்டாடிய வழக்கம் என்று ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. பாளையங்கோட்டையில் என் சிறுவயதில் கேரல் ரவுண்ட்ஸ் போவோம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வாசலில் நின்று பாட ஆரம்பித்தால், தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறக்கிற வீட்டுக்காரர் இரண்டாவது வரியில் சேர்ந்துகொள்வார். ஆங்கிலத்தில் வாஸெயில் என்று சொல்லும் பழைய வழக்கமும் இதே மாதிரிதான்: வாசலில் பாட்டு, உள்ளேயிருந்து சூடான பானம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| | நடிகர்கள் | உரிமம் | தெரியாமல் வரும் செலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|
| டிக்கன்ஸ் நாடகம் | 12 முதல் 40 வரை | நாவல் இலவசம், நாடகப் பிரதிக்குக் கட்டணம் | உடை, காட்சி மாற்றம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் | ஆள் பலமும் தையல் ஆட்களும் உள்ள குழு |
| வானொலி நாடகம் | 5 முதல் 10 வரை | கட்டாயம் வாங்க வேண்டும் | மைக், ஒலி ஆள் | சின்னக் குழு, குறைந்த ஒத்திகை |
| மேய்ப்பர் நாடகம் | 7 | மூலம் இலவசம், நவீன மொழிபெயர்ப்பு அப்படியல்ல | மொழியை எளிமையாக்கும் உழைப்பு | தேவாலயம், நூலகம், களஞ்சியம் |
| பாட்டும் வாசிப்பும் | எத்தனை பேரும் | பாட்டுக்குப் பாட்டு மாறும் | நல்ல பியானோ கலைஞர், தொகுக்கும் ஆள் | ஊரே மேடையேற விரும்பும் இடம் |

## டிக்கன்ஸ்: எல்லாருக்கும் தெரிந்த கதை

"எ கிறிஸ்துமஸ் கேரல்" 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜை ஒரே இரவில் ஆவிகள் வந்து மனம் மாற்றும் கதை. முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்தன. 1844 பிப்ரவரி 5 அன்று, ஒரே நாளில், லண்டனில் மூன்று அரங்குகளில் அது நாடகமாக மேடையேறியது. அன்று தொடங்கிய வரிசையில் நாமும் போய் நிற்கிறோம்.

இதன் பெரிய பலம், ஆட்களை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது. ஸ்க்ரூஜின் பழைய முதலாளி ஃபெஸ்ஸிவிக் தன் கிடங்கில் வைக்கும் நடனத்தில் ஊர் நடனப் பள்ளியையே சேர்க்கலாம். ஸ்க்ரூஜின் குமாஸ்தா கிராட்சிட் வீட்டில் ஒரு பட்டாளம் குழந்தைகள். மேடையில் ஒரு குழந்தை நின்றால் அரங்கில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அத்தை என்று ஐந்து டிக்கெட். ஆனால் அந்தக் குழந்தைகளை ஒப்பனை அறையில் மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் வேண்டும், அதுவும் ஒவ்வொரு காட்சிக்கும். இந்த வேலையைக் கடைசி வாரத்தில் ஒப்படைக்க ஆள் தேடினால் கிடைக்காது.

உரிமத்தில் ஒரு நுணுக்கம். நாவல் யாருக்கும் சொந்தமில்லை, நீங்களே நாடகமாக எழுதிக்கொள்ளலாம். எழுதும்போது சினிமா நினைவிலிருந்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூஜின் தங்கை ஃபேன் பிரசவத்தில் இறந்தாள் என்று எங்கள் குழுவில் எல்லாரும் உறுதியாகச் சொன்னார்கள். புத்தகத்தில் அப்படி இல்லை, அது 1951 திரைப்படத்தில் சேர்த்தது. அதனால் நாவலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சிக்கும் எந்தப் பக்கம் ஆதாரம் என்று குறித்தபடி எழுதுங்கள். நல்ல பிரதி தயாராக இரண்டு மூன்று மாதம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் ராயல்டி கட்டி வாங்குவதே மலிவு.

இடங்களையும் எண்ணுங்கள். கணக்கு அலுவலகம், படுக்கையறை, தெரு, ஃபெஸ்ஸிவிக் கிடங்கு, கிராட்சிட் வீடு, மருமகன் வீடு, கல்லறைத் தோட்டம். ஏழு இடத்துக்கும் ஏழு செட் போட நினைத்தால் பணமும் போகும், காட்சி மாறும்போது நாடகத்தின் வேகமும் போகும். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்வதைப் போல, ஒரு கதைசொல்லியை மேடை ஓரத்தில் நிறுத்தி இடத்தை வாயால் சொல்ல வைத்தால் ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போதும். டிக்கன்ஸின் வரிகளையே அவர் பேசலாம்.

பனி இல்லாமல் இந்த நாடகத்தைப் போட யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மேடைக்கு மேலே ஒரு நீளத் துணியைத் தொட்டில் போலக் கட்டி, ஒரு பக்கம் கீறல்கள் போட்டு, உள்ளே தீப்பிடிக்காத காகிதத் துணுக்குகளைக் கொட்டி வைப்போம். கீழிருந்து கயிற்றை மெதுவாக அசைத்தால் பனி விழும். காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி மறுநாளைக்கு மறுபடி மேலே ஏற்றுவோம். முதல் வருடம் கூட்டியதை அப்படியே ஏற்றிவிட்டோம். மறுநாள் பனியோடு சேர்ந்து ஒரு திருகாணி, கிராட்சிட்டின் நோயாளி மகன் டைனி டிம்மாக நடித்த பையனின் தொப்பியில் 'டக்' என்று விழுந்தது. தொப்பி கெட்டியாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் பனியைச் சல்லடையில் சலித்து, அதன் மேல் காந்தத்தை ஓட்டிய பிறகுதான் மேலே ஏற்றுகிறோம். கொண்டை ஊசிகள், ஆணி, பித்தான் என்று தினமும் ஏதாவது கிடைக்கும். இந்த வேலைக்கு முக்கால் மணி நேரமும் இரண்டு பேரும் வேண்டும். பட்ஜெட் தாளில் "பனி: 60 டாலர்" என்று மட்டும் எழுதினால் இந்த உழைப்பு கண்ணில் படாது.

புகை இயந்திரம் இன்னொன்று. வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளி அரங்கில் ஸ்க்ரூஜின் இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவி நுழைந்தபோது தீ எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. இருபத்தைந்து நிமிடம் அத்தனை பேரும் கார் நிறுத்தத்தில், குளிரில், மெல்லிய பருத்தி உடைக் குழந்தைகளோடு நின்றோம். அரங்கின் பொறுப்பாளரிடம் எந்த வகைப் புகை உணர்கருவி இருக்கிறது என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழமையைச் சரியாகக் காட்ட விரும்பினால் ஒன்று சொல்கிறேன். இந்தக் கதையில் கிறிஸ்துமஸ் மரமே கிடையாது. விக்டோரியா அரசி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்தது 1848இல். அதற்குப் பிறகே இங்கிலாந்து வீடுகளில் மரம் பரவியது. கதையில் இருப்பதெல்லாம் ஹோலி, ஐவி, மிசில்டோ இலைகள்தான். துணி வெளுக்கும் கொப்பரையில் வேகும் புட்டிங்கும் உண்டு, அதைத் திறக்கும்போது சலவை நாள் வாசனை வருகிறது. மரத்தைக் கழித்துவிட்டுப் பச்சை இலைத் தோரணம் கட்டினால் செலவும் குறையும், காலமும் சரியாக இருக்கும்.

இருபது பேருக்கு மேல் உறுதியாக இருந்தால், உடைப் பெட்டிகளை வைக்க இடம் இருந்தால், அடுத்தடுத்த வருடமும் இதையே போட மனம் இருந்தால் இதை எடுங்கள். முதல் வருடச் செலவு மூன்றாவது வருடத்தில்தான் திரும்பி வரும். ஆட்கள் இல்லை, ஆனால் ஒரே ஒரு அருமையான குரல் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. 1853 டிசம்பர் 27 அன்று பர்மிங்காம் நகர மண்டபத்தில் டிக்கன்ஸே தனி ஆளாக மூன்று மணி நேரம் இந்தக் கதையைப் படித்துக் காட்டினார். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிய பிரதி இருந்தால் நீங்களும் அதைச் செய்யலாம்.

## வானொலி நாடகம்: 1940களின் வீடு

மேடையே ஒரு பழைய வானொலி நிலையம். நடிகர்கள் கையில் பிரதியோடு மைக் முன்னால் நிற்பார்கள், ஓரத்து மேசையில் ஒருவர் எல்லாச் சத்தங்களையும் கண்ணெதிரே செய்வார். அமெரிக்கக் குழுக்களில் இதற்கு அதிகம் எடுக்கப்படுவது "இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்" கதையின் வானொலி வடிவம். ஐந்து பேரே அத்தனை பாத்திரங்களையும் பேசிவிடலாம்.

அந்தக் கதை பிறந்த விதமே ஒரு கிறிஸ்துமஸ் வழக்கம்தான். பதிப்பாளர்கள் ஏற்காத தன் சிறுகதையை ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் 1943இல் தானே அச்சிட்டு, 200 நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பினார். 1946இல் அது படமானது. 1974இல் படத்தின் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் தொலைக்காட்சிகள் கட்டணமில்லாமல் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின, வீடுதோறும் பழக்கமானது. இதைக் கேட்டுவிட்டு "அப்படியென்றால் நாமே எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். மூலக் கதைக்கு உரிமை தொடர்கிறது, உரிமம் பெற்ற பிரதியைத்தான் வாங்க வேண்டும்.

டிசம்பருக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. வசனம் மனப்பாடம் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மாலை நாலு மணிக்கு வேறொருவர் கையில் பிரதியைக் கொடுத்து ஏழு மணிக்கு மேடையேற்றிவிடலாம். நாங்கள் ஒரு வருடம் அப்படித்தான் காட்சியைக் காப்பாற்றினோம். செலவு போவது மைக்குகளிலும் ஒலி ஆளிடமும்தான்.

சத்த மேசையைக் கவனமாக அமையுங்கள், பாதி நாடகம் அங்கேதான். தோல் பையில் சோள மாவை நிரப்பி இரண்டு கையாலும் அழுத்தினால், உறைந்த பனியில் நடக்கிற 'கறுக் கறுக்' அப்படியே வரும். ஒரு தட்டில் சரளைக் கல், ஒரு ஜோடி பழைய ஷூ, தாழ்ப்பாளோடு ஒரு குட்டிக் கதவு, ஆட்டினால் இடிக்கிற தகரத் தகடு. இடைவேளையில் குழந்தைகள் அந்த மேசையைச் சுற்றி நிற்பார்கள். அவர்களைத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

குறை என்றால், நடிக்க ஆசைப்பட்டு வரும் குழந்தைகளுக்கு இதில் வேலை குறைவு. எண்பது வயதுக்காரர்களுக்கு இது தங்கள் வீட்டு வானொலியின் நினைவு, பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் இருபது நிமிடம் பொறுமை வேண்டும்.

## மேய்ப்பர் நாடகம்: மிகப் பழையது, மிகக் குறைவாகப் போடப்படுவது

நான்கில் எனக்கு அதிகம் பிடித்தது இது. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் 15ஆம் நூற்றாண்டு நாடகம், மேய்ப்பர்களைப் பற்றிய இரண்டாவது நாடகம் என்று பெயர். மாக் என்பவன் ஓர் ஆட்டைத் திருடிக்கொண்டு வருகிறான். மனைவி கில் அதைத் துணியில் சுற்றித் தொட்டிலில் போட்டு, இப்போதுதான் பிள்ளை பெற்றவள் போல முனகிக்கொண்டு படுத்துக்கொள்கிறாள். தேடி வந்த மேய்ப்பர்கள் ஏமாந்து வெளியே போய்விடுகிறார்கள். பிறகு, பிறந்த பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் வந்துவிட்டோமே என்று திரும்பி வந்து துணியை விலக்குகிறார்கள், நீண்ட மூஞ்சி தெரிகிறது. திருடனைப் போர்வையில் போட்டுத் தூக்கி எறிந்துவிட்டுப் படுக்கிறார்கள். அந்த அலுப்பில் அவர்கள் படுத்திருக்கும்போது தேவதூதன் பாடுகிறான். எழுந்து போய் உண்மையான தொட்டிலின் முன்னால் மண்டியிட்டு, கொத்து செர்ரிப் பழம், ஒரு பறவை, விளையாட ஒரு பந்து என்று தங்களிடம் இருந்ததைக் கொடுக்கிறார்கள். மேய்ப்பர்களின் ஈரம், குளிர், வரிச்சுமை, முதலாளி மேல் கோபம் எல்லாம் அதில் இருக்கிறது.

ஏழு நடிகர்கள், ஒரு தொட்டில், ஒரு போர்வை. இடைவேளை கூட வேண்டாம். யார்க் நகரில் இப்படிப்பட்ட நாடகங்களைத் அந்தந்தத் தொழில் செய்கிறவர்களின் சங்கங்களே போட்டன, நோவா பேழை கட்டும் காட்சியைக் கப்பல் கட்டுபவர்கள் நடத்தினார்கள். பகலில் வேலை, மாலையில் ஒத்திகை என்று இருக்கும் நமக்கு அவர்களே முன்னோர்.

உழைப்பு மொழியில்தான். மூலத்தை அப்படியே பேசினால் யாருக்கும் புரியாது. நவீன வடிவங்களுக்கு உரிமம் வேண்டும், சொந்தமாக எளிமைப்படுத்த ஊரில் ஒரு நல்ல ஆங்கில ஆசிரியர் வேண்டும். விளம்பரத்திலும் சிரமம்: பெயரைக் கேட்டு யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். பொது அரங்கில் தனியாகப் போட்டால் இருக்கைகள் காலியாக இருக்கும். தேவாலயக் கூடம், நூலகம், பழைய களஞ்சியம் போன்ற இடங்களில், கேரல் பாட்டோடு சேர்த்துப் போட்டால் நிறையும்.

## பாட்டும் வாசிப்பும்: ஊரே ஏறும் மேடை

ஒரு பழைய வரவேற்பறை, பியானோ, மரம், நாற்காலிகள். பாடல்கள், நடுநடுவே வாசிப்பு, ஒன்றிரண்டு சின்னக் காட்சி. பார்க்க எளிது. கமிட்டியில் "இது சுலபம், செலவில்லை" என்று கை தூக்குவார்கள். செலவு குறைவு என்பது சரி, சுலபம் என்பது சரியல்ல. கதை இல்லாததால் தொடர்ச்சியை யாராவது கட்ட வேண்டும். இல்லையென்றால் பள்ளி ஆண்டு விழா மாதிரி ஒருவர் இறங்க ஒருவர் ஏறுவார், நாற்பதாவது நிமிடத்தில் அரங்கு சோர்ந்துவிடும். ஒரு குடும்பத்தின் ஒரே இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்: மரம் வெறுமையாகத் தொடங்கட்டும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவர் ஒன்றைக் கட்டட்டும், முடிவில் மரம் நிறைந்திருக்கட்டும்.

வாசிக்க நல்ல பழைய பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 1823இல் நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரப் பத்திரிகையில் வந்த செயின்ட் நிக்கலஸ் கவிதை, சாண்டா உண்டா என்று கேட்ட சிறுமிக்கு 1897இல் நியூயார்க் நாளிதழ் ஒன்று எழுதிய பதில். இவற்றை நடிகர்களுக்குக் கொடுக்காதீர்கள். தீயணைப்பு நிலையத் தலைவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, ரொட்டிக் கடைக்காரர் என்று ஊர்க்காரர்களிடம் கொடுங்கள்.

பாட்டுகளில்தான் கவனம். "சைலன்ட் நைட்" 1818, அதன் ஆங்கில வடிவம் 1859, "ஜிங்கிள் பெல்ஸ்" 1857, கவலையில்லை. "வொயிட் கிறிஸ்துமஸ்" 1942, உரிமம் வேண்டும். "கேரல் ஆஃப் த பெல்ஸ்" பழைய பாட்டு மாதிரிதான் கேட்கும். உக்ரைன் இசையமைப்பாளர் லியோன்டோவிச்சின் அந்த இசை 1916இல் கீவ் நகரில் அரங்கேறியது, ஆனால் ஆங்கில வரிகள் 1936இல் எழுதியவை, இன்னும் உரிமையில் உள்ளன. மெட்டு, வரி, இசைக்கோர்வை மூன்றுக்கும் தனித்தனியாக வருடம் பாருங்கள். அப்புறம், கச்சேரியில் பாடுவதற்கான உரிமம் நாடகக் காட்சிக்குள் பாத்திரமாகப் பாடுவதற்குச் செல்லாது.

புதிய குழுவுக்கும், பெரிய நாடகம் போட்டுக் களைத்த குழுவுக்கும் இதைத்தான் சொல்வேன். என் நண்பர்கள் மூவரில் ஒருவருக்கு இருப்பது பன்னிரண்டு பேர், ஒரு தேவாலயக் கூடம், நல்ல பியானோ. அவரிடம் முதல் பாதிக்கு மேய்ப்பர் நாடகமும் இரண்டாவது பாதிக்குப் பாட்டும் வாசிப்பும் வைக்கச் சொன்னேன். முப்பது பேரும் தையல் அறையும் உள்ளவரை டிக்கன்ஸுக்கே போகச் சொன்னேன். ஒத்திகைக்கு ஐந்தே வாரம் உள்ளவருக்கு வானொலி.

எதை எடுத்தாலும் உரிமத்துக்கு மே மாதத்துக்குள் எழுதிவிடுங்கள். பக்கத்து ஊர்க் குழு முந்திக்கொண்டால் அதே பிரதி உங்களுக்கு மறுக்கப்படலாம். ஆடிஷன் செப்டம்பர் முதல் வாரத்தைத் தாண்ட வேண்டாம். பனிப்புயலில் ஒரு காட்சி ரத்தானால் போட ஒரு மாற்று நாளையும் அரங்கோடு பேசி வையுங்கள்.

நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் "சைலன்ட் நைட்" மூன்று சரணங்களையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு. கடைசிக் காட்சி முடிந்ததும் கைதட்டலுக்கு முன்பே பியானோ தொடங்கட்டும். அரங்க விளக்கைக் கால்வாசி ஏற்றுங்கள், தாளைப் படிக்க அது போதும். மூன்றாவது சரணத்தில் பியானோவை நிறுத்திவிடச் சொல்லுங்கள். எங்கள் அரங்கில் அந்த இடத்தில் நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய் நின்று சேர்ந்து பாடுவேன்.